விளக்குக் கரியும் கால் அங்குல உளியும்: என் முதல் லாங்ரைஃபிள், பாதி வழியில்

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் குடிவந்து ஆறு வருடமாகிறது. இந்த மண்ணில் பிறந்த சாமான் ஒன்றை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வயது அதில் பாதி. லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்தில் பழைய லாங்ரைஃபிள்களை, அதாவது நீண்ட குழல் துப்பாக்கிகளை, கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அன்று தொற்றியது. ‘கென்டக்கி ரைஃபிள்’ என்று பெயர் என்னவோ வேறு ஊருக்குப் போய்விட்டது; 18ஆம் நூற்றாண்டில் இதை வளர்த்தெடுத்தவர்கள் இங்கே குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள். ஜேக்கப் டிக்கெர்ட் போன்றவர்கள் லான்காஸ்டரிலேயே பட்டறை வைத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த துப்பாக்கி குட்டை, வாய் அகலம். இங்கே குழல் 40 அங்குலத்துக்கு மேல் நீண்டது, வாய் குறுகியது. ஈயம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம்: வாய் .62 அங்குலம் உள்ள குழலுக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறக்குறைய 20 உருண்டைகள்தான் வார்க்கலாம், .50 குழலுக்கு 40. காட்டுக்குள் மாதக்கணக்கில் போகிறவனுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “நாட்டுத் துப்பாக்கியாடா? போலீஸ் வராதா?” என்றார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் இந்த மாதிரிப் பழைய வகைக்கு விலக்கு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் கதையே வேறு. இதை வைத்திருக்கவே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் மரவேலைக்காக மட்டும் படியுங்கள்.

முதலில் எந்த வகைக் கிட் (பாகங்களாக வரும் பெட்டி) என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு முனையில் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் வெட்டித் தருவது: பாகங்கள் அதனதன் குழியில் ஏறக்குறையத் தானாகவே போய் உட்காரும், இழைத்து மெருகேற்றினால் போதும். மறுமுனையில் வெறும் மேப்பிள் பலகை. அதில் முதல் தடவை கை வைப்பது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது போலத்தான். நான் நடுவில் நின்றேன். குழல் உட்காரும் வாய்க்காலும் மருந்தைக் குழலுக்குள் இடிக்கும் கெட்டிக்கோலுக்கான நீண்ட துளையும் முடிந்திருக்கும். பூட்டு, விசை, பித்தளைப் பாகங்கள் இவற்றுக்கான குழிகளை நான் தோண்ட வேண்டும். அந்தத் துளை மூன்றடிக்கு மேல் நேராகப் போக வேண்டியது. அதை வீட்டில் போட முயன்று மரத்தின் பக்கவாட்டில் துரப்பணம் வெளியே எட்டிப் பார்த்த கதைகளைக் கேட்ட பிறகு, காசு கொடுத்துத் தப்பித்ததில் எனக்கு வெட்கமே இல்லை. குழலின் பின்முனை அடைப்பும் தயாரித்தவரே பொருத்தி அனுப்பியது. அதை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். வெடிப்பின் வேகத்தைத் தாங்க வேண்டிய இடம், பழகிப் பார்க்கிற இடம் இல்லை.

இனி கருவிகள். இங்கேதான் முட்டாள்தனம் செய்தேன். பெட்டி வருவதற்கு முன்பே பன்னிரண்டு உளிகள் கொண்ட மலிவு செட் ஒன்றை வாங்கி, சுவரில் வரிசையாக மாட்டி, படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். மேப்பிளில் முதல் அரைமணி நேரத்திலேயே ஓர் உளியின் விளிம்பு மடிந்தது. ஊரில் வேம்பு, தேக்கு செதுக்குவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மேப்பிள் வெளுத்துப்போய், சாதுவாகத் தெரியும். கை வைத்தால்தான் அதன் திமிர் தெரியும். அதிலும் நான் கேட்டு வாங்கியது அலையோட்ட மேப்பிள். புலி வரி போல மின்னும் அந்த வரிகள், உண்மையில் நார் மேலும் கீழுமாக வளைந்து ஓடுவதன் விளைவு. எந்தப் பக்கமிருந்து செதுக்கினாலும் கால் அங்குலத்துக்கு ஒருமுறை நார் எதிர்த்து நிற்கும், பிய்ந்து வரும்.

செட்டைச் சுவரோடு விட்டுவிட்டு மூன்றே உளி வாங்கினேன்: எட்டில் ஒரு பங்கு, கால், அரை அங்குலம். நல்ல எஃகு. கூடவே 1000, 6000 நயத்தில் இரண்டு தண்ணீர்ச் சாணைக்கல், ஒரு தோல் பட்டை. முதல் இரண்டு வாரம் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை, தீட்டப் பழகினேன். ஊரில் நாவிதர் கத்தியைத் தோல் வாரில் இப்படியும் அப்படியுமாக இழுப்பதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பேன்! அந்த மணிக்கட்டுத் திருப்பம் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. முன்கை மயிர் வழிக்கிற அளவுக்கு வந்த உளியை மேப்பிளின் குறுக்கு முனையில் வைத்துத் தள்ளினேன். வெட்டின இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பிறகு கொட்டாப்புளிக்கு அதிகம் வேலையே இல்லை.

ஜனவரி முழுவதும் பூட்டுக்குப் போனது. பூட்டு என்றால் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தலை, எஃகு வில், மருந்துக் கிண்ணம் எல்லாம் ஒரு தகட்டில் சேர்ந்த பாகம். அந்தத் தகட்டைக் கட்டைக்குள் ஒரு தாள் இடைவெளிகூட இல்லாமல் இறக்க வேண்டும். தகட்டில் மை தடவு, மரத்தில் வைத்து அழுத்து, எடு, கறை பட்ட இடம் மட்டும்தான் இடிக்கிறது, அதை மட்டும் சீவு, மறுபடி தடவு. இவ்வளவுதான் வித்தை. இதற்கென்று நீல மை டப்பாவில் விற்கிறார்கள். வாங்கினேன். அது விரலிலிருந்து கதவுப்பிடி, கதவுப்பிடியிலிருந்து காப்பிக் கோப்பை, அங்கிருந்து மகளின் பள்ளிச் சட்டை என்று வீடு முழுக்க நடந்தது. அப்புறம்தான் அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் சுடரின் கரியையே பயன்படுத்தினார்கள் என்று படித்தேன்.

கரி என்றதும் பாட்டி நினைவு. விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் கண்மை. அதையேதான் செய்தேன். எண்ணெயைக் குறைத்துக் கொஞ்சம் வறட்சியாகக் குழைக்க வேண்டும். இளகலாக இருந்தால் இடிக்காத இடத்திலும் இழுவிப் பொய் சொல்லும். கழுவினால் போய்விடுகிறது, கறையும் துல்லியம். ஒரு மாதத்தில் இருநூறு தடவையாவது தடவியிருப்பேன். மனைவி ஒருநாள் கீழே இறங்கி வந்து, “துப்பாக்கிக்கா மை போடறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மேலே சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நடந்த விபத்தையும் எழுதிவிடுகிறேன். பூட்டுக் குழியின் பின்விளிம்பில் அவசரப்பட்டேன். இரவு பதினொரு மணி, இன்னும் ஒரே ஒரு சீவல் என்று நினைத்தேன். உளி நாரோடு ஓடி, அரிசி நீளத்துக்கு ஒரு சில்லு தெறித்தது. ஒரு மணி நேரம் தரையில் தவழ்ந்து அந்தச் சில்லைத் தேடி எடுத்து, பசை வைத்து ஒட்டி, மறுநாள் வரை தொடவில்லை. இப்போது தெரிந்தவர் சொன்னால்தான் தெரியும். இப்போது தெரிந்தவர் நீங்கள். அன்றிலிருந்து பத்து மணிக்கு மேல் உளியைத் தொடுவதில்லை.

அடிக்கட்டையில் தோளில் பதியும் பித்தளைத் தகடு அடுத்த சோதனை. பிறை போல வளைந்த உலோகத்தை, மரத்தின் வளைவோடு முழுவதும் ஒட்டவைக்க வேண்டும். இங்கே உளியைவிட அரம் பேசுகிறது: முரட்டு மர அரத்தால் உருவம், அரைவட்ட அரத்தால் நயம், கடைசியில் கரி. ஒன்பது மாலைகள் ஆயின. அதன்பின் விசையைச் சுற்றிய வளையமான விசைக்காப்பு இரண்டே மாலையில் முடிந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஊசிகளில் கற்றது ஒன்று உண்டு. குழலின் அடியில் உள்ள காதுகளில் வட்டத் துளை போதாது, நீளவாக்கில் சிறு காடியாக அராவ வேண்டும். மரம் ஈரத்துக்கு அசையும், இரும்பு அசையாது. காடி இல்லாவிட்டால் ஒரு கோடைக்குப் பிறகு மெல்லிய முன்கட்டை விரிசல் விடலாம். பாதி வேலையில் இதைப் படித்து, ஓடிப்போய் ஊசியரத்தால் மூன்று காதுகளையும் நீட்டினேன்.

இப்போது மரம் வழவழப்பாக்கும் கட்டம். உப்புத்தாளை எடுத்தவனை நிறுத்தியது சீவுதகடுதான். சும்மா ஒரு எஃகுத் துண்டு, விளிம்பில் முடி கனத்துக்கு ஒரு மடிப்பு. ஆனால் அலையோட்ட மேப்பிளில் பிய்க்காமல் ஓடுவது அது ஒன்றுதான். உப்புத்தாள் விளிம்புகளை மழுக்கிச் சோப்புக்கட்டி போல ஆக்கிவிடுகிறது. இடையிடையே ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரைக் காயவிட்டுச் சீவ வேண்டும். இதுவரை மூன்று சுற்று முடித்தேன்.

சாயத்துக்கு இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலம், அந்தக் காலத்து முறை. நான் அமிலத்தோடு விளையாடவில்லை. இரும்பு நைட்ரேட் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து, வெட்டித் தள்ளிய மேப்பிள் துண்டில் வெளியே வைத்துச் சோதித்தேன். பூசியதும் பச்சை கலந்த அழுக்கு நிறம், வயிற்றைக் கலக்கியது. வெப்பக் காற்றுத் துப்பாக்கியைக் காட்டக் காட்ட, செம்பழுப்பு எழுந்து வரிகள் ஒவ்வொன்றாக விழித்தன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பலாச்சுளை வேகுற மாதிரி இருக்கு” என்றாள். அவள் பலாச்சுளை வேகப் பார்த்ததே இல்லை.

மேலே ஆளிவிதை எண்ணெய் பூசப் போகிறேன். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், தண்ணீர் வாளி ஒன்று இப்போதே வாசலில் தயாராக இருக்கிறது. சோதனைத் துண்டு சரி. முழுக் கட்டைக்கு இன்னும் துணிவு வரவில்லை, ஒட்டிய சில்லு சாயத்தை எப்படிக் குடிக்கும் என்ற கவலை. சனிக்கிழமை மழை இல்லை என்கிறார்கள்.