அகமெம்னான் மாதிரிக் கப்பல்: புகைபோக்கிக்கு நீலம் அடித்தாயிற்று

பழைய சரக்கு நீராவிக் கப்பலான அகமெம்னானின் மாதிரிக்கு உடல் முடிந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமரும் கறுப்பும் அடித்தாகிவிட்டது. புகைபோக்கியும் தயார். இனி பாய்மரம், கயிறு என்று பொடி வேலைகள்தான். அதில் இறங்கிவிட்டால் எழுதத் தோன்றாது என்பதால், இதுவரை நடந்ததை இப்போதே எழுதிவைக்கிறேன்.

மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் பெரும்பாலும் டைட்டானிக்கிலோ ஏதாவது போர்க்கப்பலிலோ கைவைப்பார்கள். எனக்கு என்னவோ சரக்குக் கப்பல்கள்மேல்தான் ஆசை. இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், அதன் பின்னால் இருந்த குடும்பம். லிவர்பூலில் 1865 ஜனவரியில் ஆல்ஃபிரெட் ஹோல்ட்டும் அவர் தம்பி ஃபிலிப்பும் தொடங்கியது ஓஷன் ஸ்டீம்ஷிப் கம்பெனி. புளூ ஃபன்னல் (நீலப் புகைபோக்கி) லைன் என்றால் துறைமுகத்துக்காரர்களுக்கு இன்னும் சட்டென்று புரியும். ஏறக்குறைய நூறு வருடம் அந்தக் குடும்பமும் அவர்களுக்கு நெருங்கிய சிலரும்தான் அதை நடத்தினார்கள். கம்பெனியின் முதல் கப்பல்களான அகமெம்னான், ஏஜாக்ஸ், அகிலீஸ் மூன்றும் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் ஸ்காட்ஸ் தளத்தில் கட்டப்பட்டவை. ஹோமர் காவியத்திலிருந்து பெயர் வைக்கும் வழக்கம் அங்கே ஆரம்பித்துக் கடைசிவரை தொடர்ந்தது.

அளவுக்கு வருகிறேன். நிஜக் கப்பலின் நீளம் சுமார் 309 அடி, அகலம் 39 அடிக்குச் சற்றுக் குறைவு. 1:200 என்று எடுத்துக்கொண்டால் மாதிரி 47 செ.மீ. நீளம், அகலம் ஆறு செ.மீ.கூட வராது. அதாவது நீளம் அகலத்தைப்போல் எட்டு மடங்கு. காகிதத்தில் பார்க்கும்போது இது உறைக்காது. பால்சா பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்க ஆரம்பித்ததும், கையில் இருப்பது கப்பலா வெண்டைக்காயா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஹோல்ட் வேண்டுமென்றேதான் இப்படிக் கட்டினார். ஒல்லியான நீண்ட உடலுக்கு நீரில் தடை குறைவு, அதனால் நிலக்கரி மிச்சமாகும். இந்தக் கப்பலில் எதைத் தொட்டாலும் கடைசியில் நிலக்கரியில்தான் வந்து நிற்கிறது.

அடுக்குகளை ஒட்டும்போது ஓர் இரவு முழுக்க எடை வைத்து அழுத்தி வைப்பது நல்லது. அவசரப்பட்டால் பலகை வளைந்து, நடுக்கோடு விலகிவிடும். உப்புத்தாளில் முதலில் 120, அப்புறம் 240, கடைசியில் 400. பால்சா மிருதுவான மரம் என்பதால் விரல் அழுத்தத்துக்கே பள்ளம் விழும். தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றிக்கொண்டு தேய்த்தால்தான் பக்கங்கள் சீராக வரும்.

வலப்பக்கத்தில் ஒரு சன்னல் மாதிரி வெட்டி எஞ்சின் அறையைத் திறந்துவைத்திருக்கிறேன். இந்தக் கப்பலின் கதையே அதற்குள்தான் இருக்கிறது, மூடிவைக்க மனசு வரவில்லை.

1860களின் நீராவிக் கப்பல்களுக்கு ஒரு பெரிய தொல்லை. தூரப் பயணம் போக நிலக்கரி நிறைய வேண்டும், அந்த நிலக்கரியே சரக்கு வைக்கிற இடத்தைத் தின்றுவிடும். அதனால்தான் சீனத் தேயிலை வியாபாரம் பாய்மரக் கப்பல்களின் கையிலேயே இருந்தது. கூட்டு எஞ்சின் என்ற யோசனை அப்போதே உண்டு. ஜான் எல்டர் 1850களிலேயே கப்பல்களில் பொருத்திக் காட்டியிருந்தார். கொதிகலனிலிருந்து வரும் நீராவியை முதலில் சிறிய சிலிண்டரில் பயன்படுத்திவிட்டு, மிச்ச அழுத்தத்தைப் பெரிய சிலிண்டரில் இன்னொரு முறை வேலை வாங்குவது. இதன் முழுப் பலன் கிடைக்க அழுத்தம் உயர்வாக இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் கப்பல் கொதிகலன்களில் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டைத் தாண்ட விடவில்லை.

ஹோல்ட் இளமையில் ரயில்வே எஞ்சினியரிடம் தொழில் பயின்றவர். ரயில் எஞ்சின்கள் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் தினமும் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு வேடிக்கையாகத்தான் பட்டிருக்கும். சகோதரர்கள் அதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டி முற்றியதால் 1864இல் அந்தக் கப்பல்களை விற்றார்கள், க்ளீட்டர் என்ற ஒன்றைத் தவிர. அதில் உயர் அழுத்தக் கூட்டு எஞ்சினை ஏற்றி ஓட்டிப் பார்த்தார் ஆல்ஃபிரெட். பலன் தெரிந்ததும் அதிகாரிகளிடம் பேசி 60 பவுண்டுக்கு அனுமதி வாங்கினார். அடுத்தவர் பரிசோதித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. சொந்தக் கப்பல், சொந்தக் காசு, தானே சோதனை.

அகமெம்னான் 1866 ஏப்ரல் 19 அன்று லிவர்பூலை விட்டுப் புறப்பட்டது. மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 டன் நிலக்கரிதான் செலவு. மொரீஷியஸ் வரை 8,500 மைல், வழியில் எங்கும் நிலக்கரி ஏற்றாமல் போக முடிந்தது. அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய். அதே 1866இல்தான் தேயிலைப் பாய்மரக் கப்பல்களின் புகழ்பெற்ற பந்தயமும் நடந்தது. டாய்பிங்கும் ஏரியலும் சீனாவின் ஃபூச்சௌவிலிருந்து லண்டனுக்கு 99 நாளில் வந்து சேர்ந்ததை ஊரே கொண்டாடியது. ஹோல்ட்டின் கப்பல்கள் அந்தத் தூரத்தை இரண்டு மாதத்தை ஒட்டிய காலத்தில் கடந்தன, அதுவும் கூடுதல் சரக்கோடு. கொண்டாட்டம் என்னவோ பாய்மரங்களுக்குத்தான் கிடைத்தது.

எஞ்சினை மாதிரியில் செய்தது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். ஒரு சிலிண்டர்மேல் இன்னொன்று உட்காரும் அமைப்பு என்பதால் தரையில் அது அடைக்கும் இடம் கொஞ்சம்தான். பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் இரண்டு, ஒரு பொத்தான், சில செம்புக் கம்பிகள் போதும். வெட்டிய சன்னல் வழியாகப் பார்த்தால், எஞ்சின் ஒடுங்கி நிற்க, முன்னும் பின்னும் சரக்கறைகள் விரிந்து கிடப்பது கண்ணுக்கே தெரிகிறது.

ரொம்ப நேரம் பிடித்தது கப்பலின் பின்பக்கம். எந்தக் கப்பலிலும் புரொப்பெல்லர் முன்னால், சுக்கான் அதற்குப் பின்னால் இருக்கும். புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் மோதினால்தான் கப்பல் நன்றாகத் திரும்பும். அகமெம்னானில் தலைகீழ்: சுக்கானுக்கும் பின்னால் புரொப்பெல்லர். ஹோல்ட்டின் ஆரம்பக் கப்பல்கள் இப்படித்தான். வேறு யாரும் விரும்பிச் செய்யாத அமைப்பு, அவரோ விடவில்லை. மாதிரியில் சுக்கான் தகட்டில் பிளவு விட்டு, அதன் வழியே ஒரு மெல்லிய பித்தளைக் குழாயைச் செலுத்தி, அதன் முனையில் புரொப்பெல்லரை மாட்டினேன். சுக்கான் இரண்டு பக்கமும் கொஞ்சம் திரும்பும். பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் “மாற்றி ஒட்டிவிட்டாயே” என்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அடிப்பலகையில் ஒரு குறிப்பே எழுதி ஒட்டிவிட்டேன்.

இப்போது புகைபோக்கி. குடும்பக் கதைப்படி, 1852இல் அவர்கள் வாங்கிய முதல் கப்பலான டம்பார்ட்டன் யூத்தில் நீல பெயின்ட் மிச்சம் கிடந்ததாம், அதை எடுத்துப் புகைபோக்கிக்கு அடித்ததாம். சிக்கனக்காரப் பஞ்சு வியாபாரியின் பிள்ளைகளைப் பற்றிய கதை என்பதால் நம்பத் தோன்றுகிறது. உயரமான, செங்குத்தான நீலக் குழாய், உச்சியில் கறுப்புப் பட்டை. அல்ட்ராமரைன் நீலத்தில் வெள்ளையும் ஒரு துளி பச்சையும் கலந்தேன். கறுப்புப் பட்டைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டும்முன் நீலத்தை நன்றாகக் காயவிட வேண்டும். ஓரத்தை நகத்தால் அழுத்தி, முதலில் மெல்லிய நீலமே ஒரு கை அடித்துவிட்டு அதன்மேல் கறுப்பு அடித்தால் கசியாது.

அதைக் காயவைத்திருந்த நேரத்தில் பெமியஸின் கதையைப் படித்தேன். அதே கம்பெனியின் கப்பல், 1932 நவம்பரில் கரீபியன் கடலில் சூறாவளியில் மாட்டியது. காற்று புகைபோக்கியையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. புகைபோக்கி இல்லாவிட்டால் உலைக்குக் காற்றிழுப்பு இல்லை. உலை அணைந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லாவிட்டால் எஞ்சின், பம்பு, சுக்கான் எதுவும் வேலை செய்யாது. நாள்கணக்கில் புயலோடு அடித்துச் செல்லப்பட்டும் கப்பல் மூழ்கவில்லை. அதற்கும் குடும்பக் குணம் ஒரு காரணம் என்பேன். ஹோல்ட்டுகள் தங்கள் கப்பல்களுக்கு வெளியே காப்பீடு எடுப்பதில்லை, நஷ்டத்தைத் தாங்களே சுமந்தார்கள். அதனால் கப்பல்களின் தரத்துக்குச் சான்று தரும் லாயிட்ஸ் அமைப்பின் விதிகள் கேட்டதைவிட உறுதியாகக் கட்டினார்கள். அதிகாரிகளையும் சொந்தமாகவே பயிற்சி கொடுத்து உருவாக்கினார்கள்.

கப்பலோடு சேர்த்துச் சுவரில் ஒட்ட ஒரு வம்ச வரைபடமும் போட்டு வருகிறேன். உச்சியில் தந்தை ஜார்ஜ் ஹோல்ட், தாய் எம்மா டர்னிங். இன்னொரு மகன் ஜார்ஜ், லாம்போர்ட் அண்ட் ஹோல்ட் என்ற வேறொரு கப்பல் கம்பெனியில் பங்காளி. மற்றொரு மகன் ராபர்ட் லிவர்பூலின் முதல் லார்டு மேயர். ராபர்ட்டின் மனைவி லாரன்சினா, சமூகச் சீர்திருத்தவாதி பீட்ரிஸ் வெப்பின் அக்கா. அவர்களின் மகன்கள் ரிச்சர்டும் லாரன்ஸும்தான் அடுத்த தலைமுறை நிர்வாகிகள். இதில் பேனா தயங்கிய இடம் 1880கள். எதையும் தானே யோசித்துச் செய்த ஆல்ஃபிரெட், வயதான பின் தன் பழைய எஞ்சினையே கட்டிக்கொண்டு நின்றார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் வழியெங்கும் நிலக்கரி ஏற்ற முடிந்தது. அதனால் அவருடைய சிக்கன எஞ்சினின் அனுகூலம் குறைந்தது, மற்றவர்கள் வேகமான எஃகுக் கப்பல்களோடு வந்தார்கள். 1890களில் தம்பி மகன் ரிச்சர்ட் உள்ளே வந்த பிறகுதான் கப்பல்கள் புதுப்பிக்கப்பட்டன. தொல்லை கொடுத்த போட்டியாளரான சைனா மியூச்சுவலை 1902இல் விலைக்கே வாங்கிவிட்டார்கள். பிரச்சினையை முதலில் கொடுத்ததும் குடும்பம், தீர்த்ததும் குடும்பம்.

மேல்தளத்தில் சில மனித உருவங்களை நிறுத்தியிருக்கிறேன். இந்த அளவில் ஓர் ஆள் ஒன்பது மில்லிமீட்டர்கூட வரமாட்டான். செம்புக் கம்பியில் பசையும் பெயின்டும்தான். கம்பெனி வளர வளர கொதிகலன் அறையில் சீன மாலுமிகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். லிவர்பூலின் சைனா டவுன் உருவானதே பெரும்பாலும் இந்தக் கப்பல்களால்தான். பிரிட்டிஷ் மாலுமிகளைவிட அவர்களுக்குச் சம்பளம் குறைவு, 1942இல் வேலைநிறுத்தம் செய்துதான் உயர்வு பெற்றார்கள். போர் முடிந்ததும், 1945-46இல், லிவர்பூலில் இருந்த சீன மாலுமிகளை உள்துறை அலுவலகம் கட்டாயமாகத் திருப்பி அனுப்பியது, பலருக்கு அங்கே மனைவி மக்கள் இருந்தும். ஹோல்ட் குடும்பத்தின் நேர்மையைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். என் வரைபடத்தில் அதற்கும் ஒரு கட்டம் விட்டிருக்கிறேன்.

வரைபடத்தின் அடிப்பகுதி சீக்கிரம் முடிந்தது. 1941இல் லாரன்ஸ் ஹோல்ட், கல்வியாளர் குர்ட் ஹானோடு சேர்ந்து வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெட்டவெளி சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1965இல் கப்பல் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. அதே வருடம் மற்ற மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து கன்டெய்னர் கம்பெனி தொடங்கப்பட்டது. ஹோல்ட்டுகளின் கம்பெனி பெயர் மாறி, இணைந்து, 2000இல் எக்ஸெல் ஆகி, 2005இல் ஜெர்மன் அஞ்சல் நிறுவனமான டாய்ச்ச போஸ்ட் கைக்குப் போனது. 1929இல் கட்டிய மெனஸ்தியஸுக்குத் தனியாக ஒரு மூலை கொடுத்தேன். போரில் கண்ணிவெடி விதைத்த அந்தச் சரக்குக் கப்பலை, அப்புறம் கடற்படையினரின் பொழுதுபோக்குக் கப்பலாக மாற்றி, உள்ளே ஒரு பீர் ஆலையையே வைத்தார்கள்.

மூன்று பாய்மரங்களுக்கும் மூங்கில் குச்சி சீவி வைத்திருக்கிறேன். பாய்களை விரித்து வைப்பதா, சுருட்டிக் கட்டுவதா என்று யோசித்ததில், சுருட்டுவது என்று முடிவு. விரித்தால் புகைபோக்கியையும் எஞ்சின் சன்னலையும் மறைத்துவிடும். கயிறுகளுக்குப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு நிற்காது என்று துண்டு நூலில் பார்த்துவிட்டேன். நடுப் பாய்மரத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.