மண்டியிட்டபடியே மறுத்தவர்

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் வீழ்ச்சிக்கு ஒரு வழிபாட்டு நூல் வழிகோலியது என்பது என்னை எப்போதும் உலுக்குகிறது. தம் அதிகாரம் இறைவன் அளித்தது என்று உறுதியாக நம்பி, 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்ட அவர், 1637இல் அந்நூலை ஸ்காட்லாந்துத் திருச்சபையின்மீது திணிக்க, எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குள்ளேயே கலகம் வெடித்தது. அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும்.

1642 ஜனவரி 4 அன்று தம்மை எதிர்த்த 5 உறுப்பினர்களைக் கைதுசெய்ய அவர் மக்களவைக்கே வந்தபோது, சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டியிட்டு, அவை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்றார். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பின்னர் நாடாளுமன்றத்துடன் மூண்ட உள்நாட்டுப் போரில் மன்னர் தோற்றார்; விசாரணைக்குப் பின் 1649 ஜனவரி 30 அன்று அவரது தலை வெட்டப்பட்டது. ஆயினும், மன்னரை விசாரிக்க இணங்காத உறுப்பினர்களை நாடாளுமன்றத்தின் படையினரே அவையிலிருந்து விரட்டிய பிறகே அந்த விசாரணை நடந்தது என்பதையும் மறைக்கலாகாது.