மாட்யூல் 16: ஆயில் கேள்விகளுக்கு நான் படித்த விதம்

விமானப் பராமரிப்பு லைசென்ஸுக்கான தேர்வுகளில் பிஸ்டன் என்ஜின் பற்றியது மாட்யூல் 16. ரிசல்ட் வந்தது, பாஸ். மனதில் இருந்த பாரம் இறங்கிய கையோடு எழுதுகிறேன். மேக்னெட்டோ, கார்புரேட்டர் பற்றியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். லூப்ரிகண்ட் (என்ஜின் ஆயில்) பகுதியைத்தான் எல்லாரும் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்ததே அந்தப் பகுதிதான்.

பழைய கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு உட்காருங்கள்: காருக்கு மெல்லிய ஆயில் போதும்போது, செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் லைகமிங் என்ஜின் ஏன் எஸ்.ஏ.இ. 50 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு, எண் கூடினால் கெட்டி) கேட்கிறது? சிலிண்டரைக் குளிர்விப்பது வெறும் காற்று. சூடு அதிகம், அதுவும் ஒரே நிலையில் நிற்காது. அலுமினிய பிஸ்டன் விரிகிற அளவுக்கு ஸ்டீல் சிலிண்டர் விரியாது. அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போது இடைவெளியைத் தாராளமாக விட்டிருப்பார்கள். பேரிங் மேல் சுமையும் அதிகம். இந்தச் சூட்டில் மெல்லிய ஆயிலின் படலம் அறுந்துவிடும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வரும். கிரேடைத் தீர்மானிப்பது எது? பேரிங் சுமை, சுழலும் வேகம், இயங்கும் வெப்பநிலை. சுமை கூடினால் கெட்டி ஆயில், வேகம் கூடினால் மெல்லியது. விஸ்காசிட்டி இண்டெக்ஸ் அதிகம் என்றால் சூடு மாறினாலும் ஆயில் அவ்வளவாக மாறாது. ஆயில் கெட்டி என்று அர்த்தமில்லை. இங்கே ஆப்ஷன்களை வேண்டுமென்றே குழப்பி வைப்பார்கள்.

சரி, எழுதிப் பார்த்தே ஆக வேண்டியவை:

- விமான கிரேடு 65, 80, 100, 120. எஸ்.ஏ.இ.யில் முறையே 30, 40, 50, 60. 65-ஐத் தவிர மற்றதெல்லாம் சரியாக இரட்டிப்பு.
- 100 என்பது எங்கிருந்து வந்தது? 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 60 மில்லி ஆயில் சேபோல்ட் கருவியின் துளை வழியே இறங்க ஆகும் விநாடிகள், ஏறத்தாழ.
- ஏரோஷெல் டபிள்யூ100-இல் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பதில்லை. அது ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் ஆயில், அதாவது சாம்பல் விடாமல் அழுக்கை மிதக்க வைக்கும் சேர்மானம் உள்ளது. டபிள்யூ இல்லாத 100, அந்தச் சேர்மானம் இல்லாத வெறும் மினரல் ஆயில். ஆனால் 15டபிள்யூ-50 என்று நடுவில் வந்தால் அது குளிர்காலம்தான்.
- எஸ்.ஏ.இ. தரநிலைகளில் ஜே1966 மினரல், ஜே1899 டிஸ்பர்சன்ட்.

எங்கள் வகுப்பு நோட்ஸில் மூன்றாவது விஷயம் தப்பாகவே அச்சாகியிருந்தது. யாரும் திருத்தவில்லை. இன்றும் அது எனக்குக் கோபம்தான். அதனால் நோட்ஸை விட்டுவிட்டு ஆயில் பற்றி லைகமிங் வெளியிட்ட சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1014-ஐப் படியுங்கள். சில பக்கங்கள்தான். மெதுவாகப் படிக்கிற ஆள் நான். எனக்கு அது எந்த கைடையும் விடத் தெளிவாக இருந்தது.

பிரேக்-இன் கேள்வி வராமல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது என்ஜினில் ரிங்கும் சிலிண்டர் சுவரும் கொஞ்சம் தேய்ந்துதான் ஒன்றோடொன்று பொருந்தும். அதற்கு மினரல் ஆயில். 50 மணி நேரம் அல்லது ஆயில் செலவு நிலைப்படும் வரை. அப்புறம் டிஸ்பர்சன்ட். லைகமிங்கின் டர்போசார்ஜ்டு என்ஜின்களுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே டிஸ்பர்சன்ட். பல நூறு மணி நேரம் மினரலில் ஓடிய என்ஜினை மாற்றினால், படிந்திருந்த கசடு கிளம்பி வரும். ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

கார் ஆயில் ஏன் கூடாது என்பதற்குக் காரணத்தோடு பதில் வைத்திருங்கள். அதிலுள்ள உலோக டிடர்ஜென்ட் எரிந்து சாம்பலாகப் படியும். அந்தப் படிவு கனன்று ப்ரீ-இக்னிஷனில், அதாவது ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதில், கொண்டுபோய் விடும். டிஸ்பர்சன்ட் அழுக்கை ஆயிலிலேயே மிதக்க வைத்து, ஆயிலை வடிக்கும்போது வெளியே அனுப்பிவிடும். ஆயில் சீக்கிரம் கறுப்பது அதனால்தான்.

ஆயில் மாற்றும் காலம்: ஃபுல்-ஃப்ளோ ஃபில்டர் (ஆயில் முழுவதையும் வடிகட்டுவது) இருந்தால் 50 மணி நேரம், ஸ்க்ரீன் (வெறும் வலை) மட்டும் என்றால் 25. பறக்காமல் நின்றாலும் நான்கு மாதத்தில் மாற்ற வேண்டும். ஈரமும் அமிலமும் உள்ளே சேர்கின்றன.

1014-இன் கிரேடு அட்டவணையில் உள்ள வெப்பநிலை வெளிக்காற்றுடையது, ஆயிலுடையது இல்லை. 60 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் எஸ்.ஏ.இ. 40 அல்லது 50 டிஸ்பர்சன்ட். செல்சியஸில் அது கிட்டத்தட்ட 16, ஆக நம் ஊர் வெயிலுக்கு டபிள்யூ100 தாராளம். ரோட்டாக்ஸ் 912 என்ற சிறிய விமான என்ஜின் வந்தால் மட்டும் இதையெல்லாம் ஓரம் வையுங்கள்: அதில் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, அதனால் கியருக்கான சேர்மானம் உள்ள மோட்டார் சைக்கிள் வகை ஆயில்தான் விடை.