தவளைக்கண் ஸ்பிரைட்: ஸ்டெப்னியை வெளியே எடுத்த நாள்

ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரின் முதல் வடிவத்துக்கு டிக்கிக் கதவு கிடையாது என்பதை அறிந்தே வாங்கினேன்; ஆனால் இருக்கையின் முதுகைச் சாய்த்து, இடுப்பு வரை உள்ளே நுழைந்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஸ்டெப்னியை இழுத்தபோதுதான் சிக்கனம் என்றால் என்னவென்று விளங்கியது. கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடிகூட இல்லை.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டு மலிவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விரும்ப, இங்கிலாந்தின் வாரிக் நகரிலிருந்த டொனால்டு ஹீலியின் நிறுவனம் இதை வடிவமைத்தது. ஆஸ்டின், மோரிஸ் ஆகிய கார் நிறுவனங்கள் 1952இல் இந்தக் கார்ப்பரேஷனின் குடையின் கீழ் வந்துவிட்டதால், ஆஸ்டின் ஏ35இன் 948 சிசி எஞ்சினையும் மோரிஸ் மைனரின் ஸ்டியரிங்கையும் தயக்கமின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. ஜெரி கோக்கர் வரைந்த உடலில் முகப்பு விளக்குகள் பானட்டுக்குள் படுத்து எழுவதாக இருந்தன; அந்தப் பொறியமைப்புக்குச் செலவு கூடும் என்று கைவிட்டு, விளக்குகளை நிமிர்த்தியே நிறுத்தியதால் தவளைக்கண் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1958 மே மாதம் மாண்டி கார்லோவில் அறிமுகமானபோது வரியுடன் விலை 669 பவுண்டு. வண்டிகள் ஆபிங்டனில், எம்ஜி தொழிற்சாலையில் உருவாயின.

இந்த வாரம் நான் அஞ்சியது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத்தான். அதன் தடித்த முனை இருக்கைக்குப் பின்னால் அடித்தளத்திலுள்ள ஒரு பெட்டிக்குள் இறுகியிருக்க, மெலிந்த முனை அச்சைத் தாங்குகிறது. எனவே பின்புற உடல் சஸ்பென்ஷன் சுமையைச் சுமப்பதில்லை, தகடும் மெல்லியதாக இருக்கலாம். கெட்டிக்கார யோசனைதான், அந்தப் பெட்டியில் துருப்பிடிக்காதவரை. இடப்பக்கப் பெட்டியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். நுனி உள்ளே போய்விட்டது. வெல்டிங் இல்லாமல் தீராது.

மனத்தைத் தேற்றிக்கொள்ள, இறக்கைகளோடு ஒரே துண்டாக எழும் அந்தக் கனத்த பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரட்டை எஸ்யூ ரகக் கார்புரேட்டர்களைச் சமன்படுத்த உட்கார்ந்தேன். இரண்டையும் இணைக்கும் தண்டின் கவ்விகளைத் தளர்த்திவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகிலும் மாறிமாறி வைத்துக் கேட்டால், எது அதிகமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்பது சீறலிலேயே தெரிந்துவிடும். முன்னது சீறியது, பின்னது முணுமுணுத்தது. திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நகர்த்தி, இரண்டு ஒலியும் ஒன்றாக அரை மணி நேரம் பிடித்தது. பின்னதன் டாஷ்பாட்டில், அதாவது கார்புரேட்டரின் தலையிலுள்ள எண்ணெய்க் குழாயில், சொட்டு எண்ணெய் இல்லாததையும் அப்போதுதான் கண்டேன். ஊற்றி மூடியபின் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் வரும் திக்கல் நின்றது. அடுத்த வேலை, அந்தப் பெட்டிக்குத் தகடு வெட்டுவது.