கருத்துக்கணிப்பு அறிக்கைக்கு ‘யார் யாருக்குக் கீழே’ பட்டியல் தயாரித்த அனுபவம்

வருடாந்திர ஊழியர் கருத்துக்கணிப்பு என்றால் கேள்வித்தாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எந்தக் கேள்வி வேண்டும், ஐந்து புள்ளி அளவுகோலா ஏழா, தமிழில் எப்படிக் கேட்பது என்று கூட்டம் மேல் கூட்டமாக நடக்கும். அறிக்கை வெளியான மறுநாள் எச்ஆருக்கு வருகிற போன்களோ வேறு மாதிரி இருக்கும். “என் டீம்ல பதினாலு பேர், ரிப்போர்ட்ல ஒன்பதுன்னு வருதே?” “நான் பிரிவு மாறி மூணு மாசமாச்சு, பழைய டீமோட ரிப்போர்ட் ஏன் எனக்கு வந்திருக்கு?” எல்லாம் யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலைப் பற்றியவை.

ஒரு தொழிற்சாலை, ஒரு தலைமை அலுவலகம், சில விற்பனைக் கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இந்தப் பட்டியலை எப்படிக் கட்டினோம், அடுத்த சுற்றுவரை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறோம். கணிப்பு நடத்தும் மென்பொருள் குவால்ட்ரிக்ஸ் ஆகட்டும், வேறு எதுவாகட்டும், அடிப்படை வேலை ஒன்றுதான்.

முதலில் எந்த வடிவம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பேரன்ட்-சைல்ட் முறையில் ஒவ்வொரு வரியிலும் ஊழியர் எண்ணும் அவருடைய மேலாளரின் எண்ணும் இருந்தால் போதும், மேலிருந்து கீழாகக் கிளை பிரியும் ‘மரத்தை’ மென்பொருளே கட்டிக்கொள்ளும். லெவல் முறையில் நிறுவனம், பிரிவு, துறை, குழு என்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு நெடுவரிசையை நாம் நிரப்பித் தர வேண்டும். மேலாளர் எண் எல்லோருக்கும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் முதல் முறையையே எடுங்கள். கடையோ கிளையோ நிரந்தரமாக நிற்க, மேலாளர் மட்டும் அடிக்கடி மாறுகிற இடங்களில் இரண்டாவது நல்லது. எங்களுக்கு முதல் முறைதான் பொருந்தியது.

எச்ஆர் மென்பொருளில்தான் மேலாளர் எண் இருக்கிறதே, அதை அப்படியே இறக்கி ஏற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மென்பொருளில் ‘ரிப்போர்ட்டிங் மேனேஜர்’ என்று இருப்பவர் பல இடங்களில் உண்மையில் லீவுக்கு ஒப்புதல் தருபவர். தொழிற்சாலைப் பக்கம் இது பளிச்சென்று தெரியும். ஷிஃப்ட் சூப்பர்வைசர்களுக்கு லாகின் இருக்காது. லீவு, ஓவர்டைம் எல்லாவற்றையும் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவு பார்க்கிற அலுவலகத்தில், ஒருவர் தட்டிவிடுவார். கோப்பை இறக்கிப் பார்த்தால் மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் அவர் ஒருவருக்குக் கீழே நிற்பார்கள். அப்படியே ஏற்றினால் முந்நூறு பேரின் மனநிலை அறிக்கை டைம் ஆபீஸ் கிளார்க்குக்குப் போகும், லைன் சூப்பர்வைசருக்கு ஒன்றும் வராது. ‘உங்கள் மேலாளர் உங்களை மதிப்புடன் நடத்துகிறாரா’ என்ற கேள்விக்கு அந்த முந்நூறு பேரும் யாரை மனதில் வைத்துப் பதில் சொன்னார்கள்? அந்த ஆள்தான் நமக்கு வேண்டிய மேலாளர்.

இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவருக்கும் கீழே நேரடியாக எத்தனை பேர் என்று எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அலுவலகப் பக்கம் 20க்கு மேல், ஷாப் ஃப்ளோரில் 50க்கு மேல் வந்தால் நாங்கள் விசாரிப்போம். அடுத்து கடைசியிலிருந்து பாருங்கள். ஒரே ஒருவர் மட்டும் கீழே இருக்கிற மேலாளர்கள் வரிசையாக வருவார்கள். இயக்குநரின் செயலருக்குக் கீழே டிரைவர் என்பது போன்றவை அதில் பாதி. கீழே இருக்கிற அந்த ஒருவரை ஒரு படி மேலே ஏற்றிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

காலியிடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மண்டல மேலாளர் ராஜினாமா செய்துவிட்டார், புதியவர் வரவில்லை, கீழே ஆறு கிளை மேலாளர்கள். மூன்று வழி உண்டு. பொறுப்பு பார்ப்பவரின் எண்ணைப் போடலாம். அவர் உண்மையிலேயே அன்றாடம் வேலை வாங்குகிறார் என்றால் மட்டும். ஆறு பேரையும் அடுத்த படிக்கு ஏற்றலாம்; அப்போது மேலே இருப்பவரின் நேரடிக் குழு வீங்கிவிடும், மண்டலம் என்ற அலகே அந்த ஆண்டு அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். மூன்றாவது, ஒரு வெற்று எண்ணை உருவாக்கி அந்த இடத்தில் நிறுத்துவது. பொறுப்பில் யாரும் இல்லாதபோது எங்களுடைய தேர்வு இதுதான், அடுத்த ஆண்டு ஒப்பிட மண்டலம் மிஞ்சும். ஆனால் அந்த வெற்று எண்ணுக்கு அழைப்பு போகாதபடி குறித்துவிடுங்கள். விட்டால் அழைக்கப்பட்டோர் கணக்கில் ஒன்று கூடி, பங்கேற்பு சதவீதம் தவறாக வரும்.

இருவருக்குக் கீழே வேலை செய்பவர்களை ஒரு மரத்தில் இரண்டு இடத்தில் வைக்க முடியாது. வருடாந்திர அப்ரைசலில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்குக் கீழே வையுங்கள். பிராஜெக்ட் பெயரைத் தனி நெடுவரிசையில் போட்டால் வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்ப்பதா என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. பட்டியல் தயாரிப்பவர் எடுக்கக் கூடாது.

இனி எக்செல். கோப்பை ஏற்றுவதற்கு முன் ஐந்து சோதனைகள் செய்வோம். ஊழியர் எண் இரண்டு முறை வருகிறதா. மேலாளராகக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணும் ஊழியர் பட்டியலிலும் ஒரு வரியாக இருக்கிறதா. யாராவது தனக்குத் தானே மேலாளராக இருக்கிறாரா. மேலாளர் எண் காலியாக உள்ள வரி ஒன்றே ஒன்றா (அது நிர்வாக இயக்குநருடையதாக இருக்க வேண்டும்). கடைசியாக, வட்டம் இருக்கிறதா.

இரண்டாவது சோதனையில் பலர் சறுக்குவார்கள். ஒரு எண் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் ஃபார்முலாவை வழக்கமாகப் போட்டுப் பார்ப்பார்கள். முன்னால் பூஜ்யங்களோடு டெக்ஸ்டாக உள்ள 00417ம், வெறும் எண்ணாக உள்ள 417ம் கவுண்ட்இஃபுக்கு ஒன்றுதான். எல்லாம் சரி என்று அது சொல்லும். ஏற்றும்போது மென்பொருள் ‘இந்த மேலாளர் இல்லை’ என்று தள்ளும். இதற்கு, பட்டியலில் தேடித்தரும் மேட்ச் ஃபார்முலாவைப் பூஜ்யம் என்ற கடைசி மதிப்போடு (அச்சாக அதே மதிப்பு வேண்டும் என்று பொருள்) போடுங்கள், அது டெக்ஸ்டையும் எண்ணையும் வேறாகவே பார்க்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் மேட்ச் ஆகவில்லை என்றால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த இடைவெளியாக இருக்கலாம். அந்த வகை இடைவெளியை, கூடுதல் இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபார்முலா எடுக்காது. ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டில் 160ஆம் எண் கேரக்டரைக் கொடுத்துத்தான் நீக்க வேண்டும்.

வட்டம் என்பது முருகனுக்குச் செல்வி மேலாளர், செல்விக்குக் குமார் மேலாளர், குமாருக்கு முருகன் மேலாளர் என்று சுற்றி வருவது. இடமாற்றத்தைப் பாதி மட்டும் பதிவு செய்துவிட்டு விட்டால் இப்படி ஆகும். கண்டுபிடிக்க மேலாளரின் மேலாளரை எக்ஸ்லுக்அப் என்ற தேடல் ஃபார்முலா மூலம் அடுத்த நெடுவரிசையில் கொண்டுவந்து, அதையே வலப்பக்கம் பன்னிரண்டு முறை இழுங்கள். கண்டுபிடிக்காவிட்டாலும், காலியாக வந்தாலும் வெற்றாகவே காட்டும்படி எழுதுங்கள். இல்லையென்றால் எக்செல் காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும். ஒழுங்கான வரிகள் ஏழெட்டுப் படியில் இயக்குநரைத் தொட்டு வெற்றாகிவிடும். பன்னிரண்டாவது நெடுவரிசையிலும் எண் தெரிகிறவர்கள் வட்டத்துக்குள் இருக்கிறார்கள், அல்லது அந்த வட்டத்துக்குக் கீழே தொங்குகிறார்கள்.

காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்து திறக்கவே கூடாது. திறந்து சேமித்த நொடியில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். எண்களுக்கு நடுவே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வருகிற ஊழியர் எண் அறிவியல் குறியீடாக மாறி, திரும்பி வராது. டேட்டா மெனு வழியாக இறக்கி, எண் உள்ள நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். சேமிக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் காக்கிற யுடிஎஃப்-8 வகை சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழில் உள்ள பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

அடுத்தது உறைய வைக்கும் தேதி. ‘இந்தத் தேதியில் யார் யாருக்குக் கீழே இருந்தார்களோ, அதுவே இந்தக் கணிப்புக்கு’ என்று ஒரு நாளை எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். கணிப்பு திறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வைப்பது வசதி. ஏப்ரல், மே வேண்டாம். ஏப்ரல் 1 என்று தேதியிட்ட பதவி உயர்வுகளும் இடமாற்றங்களும் மே கடைசி வரை ஒவ்வொன்றாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். உறைந்த பிறகு மாறியவர்கள் பழைய மேலாளர் கணக்கிலேயே இருப்பார்கள். புதியவருக்கு இது பிடிக்காது. ஆனால் பதில் சொன்னவருக்குப் பழக்கமான மேலாளர் பழையவர்தான்.

தேதி முடிந்ததும் ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் அவருக்குக் கீழே உள்ள பட்டியலை மட்டும் அனுப்பி, மூன்று வேலை நாள் கொடுத்து உறுதி கேட்போம். எக்செலாக அனுப்பினால் அதிலேயே அடித்துத் திருத்தி, நிறம் பூசித் திருப்பி அனுப்புவார்கள். எது மாறியது என்று தேட வேண்டியிருக்கும். பிடிஎஃப்பாக அனுப்பி, திருத்தத்தை மெயிலில் எழுதச் சொல்லுங்கள். “இவர் நோட்டீஸ் பீரியட்ல இருக்கார், எடுத்துடுங்க” என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். எடுக்காதீர்கள். உறைந்த நாளில் சம்பளப் பட்டியலில் இருந்தவர் கணிப்பிலும் இருக்கிறார் என்ற விதியை ஒருமுறை தளர்த்தினால், கசப்பாகப் பேசக்கூடிய எல்லோரையும் எடுக்கச் சொல்லி மெயில் வரும்.

திருத்தங்களை எங்கே செய்வது? உண்மையான தவறுகளை எச்ஆர் மென்பொருளிலேயே திருத்தச் சொல்லுங்கள். ஏற்றுகிற கோப்பில் மட்டும் திருத்தினால் அடுத்த முறை இறக்கும்போது பழைய தவறு திரும்பி வந்து நிற்கும். டைம் ஆபீஸ் போல அங்கே மாற்றவே முடியாதவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்திருக்கிறோம். ஊழியர் எண், மென்பொருளில் உள்ள மேலாளர், அறிக்கைக்கு வேண்டிய மேலாளர், காரணம், ஒப்புதல் தந்தவர், எந்தத் தேதிவரை செல்லும் என்று ஆறு நெடுவரிசை. ஒவ்வொரு முறை இறக்கியதும் இதை மேலே போர்த்திவிட்டு ஐந்து சோதனையையும் மறுபடி ஓட்டுவோம். ‘தேதிவரை’ என்ற நெடுவரிசை இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் இந்தப் பட்டியல் உண்மையான அமைப்பைவிடப் பெரிதாகிவிடும்.

பெயர் வெளியே தெரியாது என்று ஊழியர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், அந்த வாக்கு காப்பாற்றப்படுவதும் இந்த மரத்தில்தான். 5 பதிலுக்குக் குறைவானால் அறிக்கை திறக்காது என்பது பரவலான வரம்பு. எழுத்துக் கருத்துகளுக்கு நாங்கள் 10 வைக்கிறோம். வரம்பு வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு துறையில் 12 பதில், சராசரி 3.75. இடவாரியாகப் பிரித்தால் சென்னை 9 பேர், சராசரி 4.00. ஓசூரில் 3 பேர், மறைக்கப்பட்டிருக்கிறது. துறை மொத்தம் 45, சென்னை 36, மீதி 9. மூன்று பேருக்கு ஒன்பது என்றால் சராசரி 3. மறைத்தது ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. மறைபடுவது ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு அடுத்த சிறிய குழுவையும் சேர்த்து மறைக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. இல்லாவிட்டால் சிறிய இடங்களை ‘பிற’ என்று சேர்த்துவிடுங்கள். இரண்டே இடம் உள்ள துறையில் சேர்க்க மூன்றாவது கிடையாது, அங்கே இடவாரிப் பிரிப்பையே எடுத்துவிட வேண்டியதுதான்.

இதே காரணத்தால் அறிக்கை வெளியான பிறகு மரத்தைத் தொடக் கூடாது. ஒருவரை மட்டும் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் புதுப்பித்தால், பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கிற எவருக்கும் அந்த ஒருவரின் பதில் கிடைத்துவிடும். துறைத் தலைவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், திருத்தம் அடுத்த சுற்றுக்குத்தான்.

அடுத்த சுற்றில் ஒப்பீடு என்ற தலைவலி வரும். பேரன்ட்-சைல்ட் முறையில் அலகின் அடையாளம் மேலாளரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் கொள்முதலிலிருந்து விற்பனைக்குப் போனால், போன வருடக் கொள்முதல் மதிப்பெண் இந்த வருட விற்பனைக் குழுவோடு ஒப்பிடப்படும். அதனால் இந்த ஆண்டு அலகு, போன ஆண்டு அலகு என்று ஒரு இணைப்புப் பட்டியலைக் கையால் போட்டுக்கொள்கிறோம். இப்போது குழுவில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் போன சுற்றிலும் அதே குழுவில் இருந்திருந்தால் ஒப்பிடுவோம், இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம். காலிக் கட்டத்துக்கு விளக்கம் சொல்வது எளிது, மதிப்பெண் ஏறியது, இறங்கியது என்று காட்டும் தவறான அம்புக்குறிக்குச் சொல்வது கஷ்டம்.

சுற்றுக்கு நடுவே மாதம் ஒருமுறை கோப்பை இறக்கி, சோதனைகளை ஓட்டி, தவறுகளின் எண்ணிக்கையை மட்டும் எச்ஆருக்கு அனுப்புவது போதுமானது. வேலையைவிட்டுப் போன மேலாளரின் லாகினை அவருடைய கடைசி நாளிலேயே மூட வேண்டும். அவர் இடத்துக்கு வருபவர் பழைய அறிக்கையைக் கேட்பார். மதிப்பெண்களைக் காட்டுகிறோம். எழுத்துக் கருத்துகளைக் காட்டுவதில்லை. அவை முந்தைய மேலாளரிடம் போகும் என்று தெரிந்து எழுதப்பட்டவை.