மினிட் புத்தகத்தில் அம்மாவைத் தேடியபோது

2024 செப்டம்பரில் எங்கள் நகராட்சி வார்டில், மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. அம்மா வார்டு கவுன்சிலர், அவர்தான் தலைமை. குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "ரெண்டரை வருஷம் ஆச்சேக்கா, நீங்க இதுவரைக்கும் என்னென்ன பண்ணியிருக்கீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா "நிறைய பண்ணியிருக்கேன்மா" என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "அவ கேட்டது நியாயம்தானே? எழுதிக் குடுத்துடலாம், நீ எழுது" என்றார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எட்டு மாதம் ஆனது. வேறு யாராவது தங்கள் கவுன்சிலரைப் பற்றியோ, கவுன்சிலரே தன்னைப் பற்றியோ இப்படி ஒரு கணக்கு எடுக்க நினைத்தால் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அம்மா 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றார். 2016 அக்டோபரோடு பழைய மன்றங்களின் காலம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அதனால் அம்மாவோடு சேர்ந்து வந்த பலருக்கு, மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று கற்றுக்கொடுக்கக்கூட ஆள் இல்லை. மாதா மாதம் கூட்ட அறிவிப்போடு ஒரு கட்டு அஜெண்டா வீட்டுக்கு வரும். அம்மா அதை ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார். நான் தொடங்கியது அந்தப் பையிலிருந்துதான்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. அஜெண்டாவை வைத்தே அம்மாவின் வேலையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அஜெண்டாவில் இருப்பது அலுவலகம் மன்றத்தின் முன் வைக்கும் பொருள்கள் மட்டும்தான். இன்ன தெருவில் சிமென்ட் சாலை, இத்தனை லட்சம், மன்றத்தின் முடிவுக்கு, அவ்வளவுதான். கூட்டத்தில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், யார் ஆட்சேபித்தார்கள், என்ன தீர்மானம் என்பதெல்லாம் மினிட் புத்தகத்தில்தான் இருக்கும். அது அலுவலகத்தில் இருக்கிறது.

அம்மா உறுப்பினர் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதி, நகல் கேட்டார். நேரில் கொடுத்தார். கொடுத்ததற்கு முத்திரை வாங்கவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "பாக்குறோம் மேடம்" என்றார்கள். ஒரு மாதம் கழித்து, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று பதில் வந்தது.

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்கிறேன் என்று உட்கார்ந்தேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் நான் கேட்ட விதம் தவறு. "எங்கள் வார்டு உறுப்பினர் ஆற்றிய பணிகள் என்னென்ன? அவருடைய கோரிக்கைகள் ஏன் நிறைவேறவில்லை?" என்று எழுதியிருந்தேன். இருபத்தெட்டாவது நாளில் பதில் வந்தது: இது விளக்கம் கோருவது, சட்டப்படி தகவல் ஆகாது. படித்தபோது எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் கேட்க முடியும். எனக்காக அவர்கள் புதிதாகத் தொகுத்தோ காரணம் கண்டுபிடித்தோ எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது மனுவில் ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். 2022 மார்ச் முதல் இன்றுவரை நடந்த மன்றக் கூட்டங்களின் வருகைப் பதிவேடு, அதே காலத்து மினிட் புத்தகம், குழுக்களின் உறுப்பினர் தேர்தல் நடவடிக்கைக் குறிப்பு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகள், எங்கள் வார்டிலிருந்து உறுப்பினர் கையெழுத்தோடு வந்த கடிதங்களும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையும். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நகல் தருவது சிரமம் என்றால் பிரிவு 2(ஜெ)படி நேரில் பார்வையிட அனுமதி வேண்டும். அந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. மனு போடுகிறவர்கள் அதை விடவே கூடாது.

இந்த முறை வேறு பதில். கேட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரமாம். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், பொதுக் கட்டடத்தில், பொதுப் பணத்தைப் பற்றி முடிவெடுக்க வந்தாரா இல்லையா என்பது எப்படித் தனிப்பட்ட விவரம் ஆகும்? 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் அரசு தருகிறது. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. "அந்த மூன்றாம் நபர் நான்தான், எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை" என்று அம்மா கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்வையிட அனுமதி கிடைத்தது. வேண்டிய பக்கங்களுக்கு, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

பார்வையிட்ட நாளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பதிவறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை. அம்மாவும் வந்திருந்தார். அங்கிருந்த உதவியாளர் ஒருவர் ஒவ்வொரு புத்தகமாகத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார், பொறுமையான மனிதர். முதலில் வருகைப் பதிவேடு. ஆரம்பக் கூட்டங்களில் அம்மாவின் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தது. போகப் போகச் சிறிதாகி, நேராகி, கட்டத்துக்குள் வந்திருந்தது. அந்த முதல் வருடம் தெருவில் பலரும் மனுவை அப்பாவிடம்தான் கொடுப்பார்கள், அம்மா உள்ளே இருந்தாலும். பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் அம்மாவுடையதுதான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூன்று கூட்டங்களுக்கு எதிரே கையெழுத்து இல்லை. ஒன்று பாட்டி இறந்த வாரம். மற்ற இரண்டுக்கும் ஏன் போகவில்லை என்று அம்மாவுக்கே நினைவில்லை.

மினிட் புத்தகம் பெரிய ஏமாற்றம். மழைநீர் வடிகால் பற்றி அம்மா குறைந்தது ஐந்தாறு கூட்டங்களில் பேசியிருக்கிறார். பேசிவிட்டு வந்த இரவுகளில் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான். புத்தகத்தில் அதில் ஒரு சொல்கூட இல்லை. பொருள், அலுவலகக் குறிப்பு, கீழே "தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது". பக்கம் பக்கமாக இப்படியே. அம்மாவின் பெயர் மூன்றே இடங்களில் வந்தது. மூன்றும் அவர் கடிதமாக எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதம் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டவை. வாயால் சொன்னது எதுவும் தங்கவில்லை. அம்மா அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "அவ்ளோ பேசினேனேடி" என்று மட்டும் சொன்னார்.

குழுக் கோப்பு வந்தது கடைசியில்தான். பதவியேற்ற அதே மாதக் கடைசியில், அம்மாவை வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒப்பந்தக் குழு, நியமனக் குழு மாதிரி இதற்குப் போட்டி இருக்கவில்லை என்று அம்மா சொல்வார். வீட்டில்கூட நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் குழு அமைந்த கையோடு, 2022 ஏப்ரலில் சொத்து வரிச் சீராய்வு வந்தது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம் உயர்வு. ஆக, உங்கள் வீட்டின் அளவு ஏட்டில் 590 என்று இருக்கிறதா 640 என்று இருக்கிறதா என்பதில் உயர்வு இரண்டு மடங்காகிவிடும். கோப்பில் இருந்த மேல்முறையீடுகளில் பாதிக்கு மேல் இந்த அளவுத் தகராறுதான். திண்ணையைச் சேர்த்து அளந்தது, இடிந்த பின்கட்டைக் கழிக்காமல் விட்டது என்று விதவிதமாக.

அப்படிப்பட்ட ஒவ்வொரு மனுவுக்கும் "மறு அளவீடு செய்க" என்ற குறிப்பும், கீழே குழுவினர் கையெழுத்தும். ஒரு அளவீட்டு அறிக்கையில், அளக்கும்போது உடனிருந்தவர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்திட்டிருந்தார். கேட்டேன். "ஆமா, டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்ல, நான் பிடிச்சேன்" என்றார். இதை ஏன் எங்களிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டால், இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தாராம். என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டரை வருடத்தில் அவர் செய்த மிகப் பெரிய வேலை அதுதான். சாலையைத் திறந்துவைத்தால் போட்டோ இருக்கும். வரி சரியானால், அந்த வீட்டுக்காரருக்கும் அந்தக் கோப்புக்கும்தான் தெரியும்.

தொகுக்கும்போது ஒரு சிக்கல். பழைய குறிப்புகளில் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகள், பிற்பாடு வந்தவற்றில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் பிரிவுகள். 2023 ஏப்ரல் 13 முதல் பின்னது நடைமுறைக்கு வந்ததே காரணம். அது தெரியாமல் ஒரே குழுவை இரண்டு வேறு குழுக்கள் என்று எண்ணி இரண்டு முறை எழுதிவிட்டேன். பிறகு தேதி பார்த்துத் திருத்தினேன்.

எழுதியது கடைசியில் இரண்டு தாள். வந்த கூட்டங்கள், வராத மூன்று, எழுத்தில் கொடுத்த மூன்று கடிதங்களும் அவற்றின் இன்றைய நிலையும், குழுவில் பார்த்த மேல்முறையீடுகள் எத்தனை, அவற்றில் அளவு திருத்தியவை எத்தனை. மனுதாரர் பெயர் எதையும் போடவில்லை. வராத கூட்டங்களை விட்டுவிடலாமா என்று நான்தான் கேட்டேன். "அதையும் போடு, கேட்டா பதில் சொல்லிக்கிறேன்" என்றார் அம்மா. சாலைப் பணிகளை அவர் பெயரில் எழுதவும் விடவில்லை. மன்றம் முழுவதும் சேர்ந்து அனுமதித்ததைத் தன் கணக்கில் சேர்க்க மாட்டாராம்.

அடுத்த பகுதி சபையில் அந்த இரண்டு தாளையும் வாசித்து, நகல்களைக் கொடுத்தார். கேள்வி கேட்ட அதே பெண் வந்திருந்தார். வடிகால் ஏன் இந்தத் தாளில் இல்லை என்று கேட்டார். பேசினேன், எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் பதிவாகவில்லை என்று அம்மா உள்ளதைச் சொன்னார். அங்கேயே வடிகாலுக்கு ஒரு கடிதம் எழுதி, நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் இருக்கின்றன, இந்த முறை நானே கூடப் போய் நின்று வாங்கினேன்.

இரண்டு மாதத்து மினிட் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பார்வையிட்ட அன்று அந்தப் பக்கங்கள் தைக்கப் போயிருக்கின்றன என்றார்கள். முதல் மேல்முறையீட்டு உத்தரவு வந்ததிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக வேண்டும். எண்பத்தோராவது நாளில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை போன வாரம் வந்தது. துணிப்பைக்குப் பதிலாக இப்போது வைத்திருக்கும் நோட்டில் அதை ஒட்டியாயிற்று.