வாசல் மேல் மூன்று எழுத்துகள்

மழை வலுத்ததால் அந்தப் பண்ணை வீட்டு வாசலில் ஒதுங்கினேன். யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைச்சரிவு, வட இங்கிலாந்து.

நிலைக்கு மேலிருந்த கல்லைத் தடவிப் பார்த்தேன். பாசிக்கு அடியில் மூன்று எழுத்துகள். மேலே குடும்பப் பெயருக்கு ஒன்று. கீழே கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று.

அருகே செதுக்கிய ஆண்டில் முதல் இரண்டு இலக்கங்களான 16 மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுவரின் தடிமன் இரண்டடிக்குக் குறையாது. உள்ளே ஒரு கல் வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சல்லி. இரண்டும் பிரிந்துவிடாமல் குறுக்கே நீளக் கற்களைக் கோத்திருக்கிறார்கள். கூரையும் கற்பலகைதான். எவ்வளவு பொறுமை!

ஆனால் கண் அந்த எழுத்துகளுக்கே திரும்பியது.

இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1882-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே அவள் எழுத்து, அவன் எழுத்தின் உயரத்துக்கே நிற்கிறது.

மழை விட்டும் கிளம்ப மனம் வரவில்லை.